இயக்குநருக்கு இரண்டு சிங்கம்

விருத்தாசலத்தில் ரயிலடிக்கு அந்தப் பக்கம், சூளைப் புகை ஓயாமல் கிடக்கிற இடத்தில், ‘மெருகுப் பாண்ட மேன்மைக் கூடம்’ என்று ஒன்று இருந்தது. அது சங்கமா, வாரியமா, இலாகாவா என்று அதில் பதினோரு வருஷம் தட்டச்சராக இருந்த எனக்கே தெரியாது. கேட்டவர்களிடம் “ஆபீஸ்” என்று சொல்லிவிடுவேன். இப்போது அது இல்லை, தேடிக்கொண்டு போகாதீர்கள். இருந்த காலத்தில் அது செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மேன்மைக் கூடத்தில் மூன்று சாமான்கள் செய்தார்கள்: ஊறுகாய் ஜாடி, கரண்டுக் கம்பத்துப் பீங்கான் குமிழ், சாக்கடைக் குழாய். மூன்றும் உபயோகமானவை. அதனாலேயே அவற்றைப் பற்றிப் பேச எங்கள் அதிகாரிகளுக்கு வெட்கமாக இருந்தது. இயக்குநர் கோதண்டபாணி ஐயா தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் “என்ன தயாரிக்கிறீங்க?” என்று கேட்டதற்கு “கொள்கை” என்று சொன்னதாகக் கேள்வி.

1969-ஆம் வருஷம் அக்டோபரில் இயக்குநர் இத்தாலிக்குப் போனார். சாக்கடைக் குழாய்களை எப்படி விரிசல் இல்லாமல் சுடுகிறார்கள் என்று பார்த்து வருவதற்காகப் பதினேழு நாள் பயணம். திரும்பி வந்தவர் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பனியன்களில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்து, ஒரு தட்டு கொண்டுவந்திருந்தார்.

பழைய தட்டு. ஓரம் சற்றுச் சிதைந்திருந்தது. பால் வெள்ளையில், கண்ணாடி போன்ற மினுக்கம். நடுவில் ஒரு கேடயம், அதற்குள் நீலத்தில் நின்றுகொண்டிருக்கும் கரடி, அதன் தலைக்கு மேல் கிரீடம், சுற்றிலும் மஞ்சள் இலைகள். வெள்ளீயம் கலந்த மெருகின்மேல் வரைந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பிரபுக்கள் ஒவ்வொரு குடும்பமும் தன் குலமுத்திரையைத் தட்டில் வரையச் சொல்லி அதிலேதான் விருந்து வைப்பார்களாம். அழகான தட்டுதான், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கரடியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அத்தனை ஊழியர்களையும் முற்றத்தில் நிற்க வைத்து, இயக்குநர் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

“இதைப் பாருங்க. சாப்பிட உக்கார்ற விருந்தாளிக்கு முதல் கவளத்துலயே தெரிஞ்சுடும், யாரு வூட்டுச் சோத்தைத் திங்கிறோம்னு. அதான் நாகரிகம். நம்மகிட்ட என்ன இருக்குது? சோறு இருக்குது, குழம்பு இருக்குது, யாரு பெரியவன்னு தெரியமாட்டேங்குது. ராஜாக்களுக்குக் குடுக்கிற மானியத்தை நிறுத்தப் போறாங்கன்னு பேப்பர்ல போடறான். நிறுத்தட்டும்! அப்போ அந்த இடம் காலியாவுது இல்ல? காலியிடத்தை நிரப்புறதுதான் நிர்வாகம்!”

கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அடுத்த ஜூன் மாதம் தலைநகரிலிருந்து உயர்மட்டக் குழு ஒன்று எங்கள் கூடத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அன்றைக்கு மதிய விருந்தில் குழுத் தலைவருக்கும் எங்கள் அதிகாரிகளுக்குமாக இருபத்துநான்கு குலமுத்திரைத் தட்டுகள் வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த உத்தரவை அடித்தவன் நான். வரைய வேண்டியவர் சாமிக்கண்ணு.

சாமிக்கண்ணுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்மாபுரத்துப் பக்கத்துக்காரர். நிலக்கரி தோண்டுவதற்காக அவருடைய அப்பாவின் ஒன்றேகால் காணி நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நிலம் போன குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்று சொல்லி மேன்மைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். வந்தவரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள். ஜாடியில் பூப் போடுகிற வேலை. ஒன்பது வருஷமாகப் பூப் போட்டார். கூடத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு விதி இருந்தது: முப்பத்தைந்து வயது நிறைவதற்குள் நிரந்தரம் செய்யப்படாத தற்காலிக ஊழியர், தானாகவே வேலையை விட்டு விலகியவராகக் கருதப்படுவார். ‘தானாகவே’ என்றுதான் போட்டிருந்தது, நான்தான் அடித்தேன். சாமிக்கண்ணுவுக்கு 1970 ஜூன் முப்பதாம் தேதி முப்பத்தைந்து நிறைகிறது. அவருடைய நிரந்தர உத்தரவு இயக்குநரின் மேஜைமேல் நாலு வருஷமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பெண்டாட்டி பாஞ்சாலை, இரண்டு பெண் பிள்ளைகள், தண்டவாளத்தை ஒட்டி ஒரு வாடகைக் குடிசை. நிலமும் போய் வேலையும் போனால் அந்தக் குடும்பத்துக்கு இந்த உலகத்தில் மண் என்று சொல்லிக்கொள்ள நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற களிமண்தான் மிஞ்சும்.

இயக்குநர் அவரைக் கூப்பிட்டார். “சாமிக்கண்ணு, இருபத்துநாலு தட்டையும் முடி. விருந்து நடக்கிற அன்னிக்கே உன் உத்தரவுல கையெழுத்து. என்னா?”

“சரிங்க ஐயா” என்று சாமிக்கண்ணு அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்.

இத்தாலியில் அந்தத் தட்டை எப்படிச் செய்தார்கள் என்று இயக்குநருக்குத் தெரியாது. அவருடைய குறிப்புப் புத்தகத்தில் ஓட்டல் பெயரும் ரயில் நேரமும்தான் இருந்தன. சாமிக்கண்ணுதான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார். ஒரு தடவை சுட்ட தட்டை வெள்ளீய மெருகுக் கரைசலில் முக்கி எடுத்தால், மேலே மாவு பூசினாற்போல வெள்ளையாகக் காய்கிறது. அதன்மேல்தான் சாயம். மறுபடி சூளையில் வைத்தால் மெருகும் சித்திரமும் சேர்ந்து உருகிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த மாவு இருக்கிறதே, தூரிகை பட்ட மாத்திரத்தில் ஈரத்தை உறிஞ்சிவிடும். வைத்த கோடு வைத்ததுதான். இழுத்துச் சரி செய்யவோ, அழித்து எழுதவோ முடியாது.

“சுண்ணாம்பு அடிச்சு நல்லாக் காஞ்ச சுவத்துல மைக் கையை வெச்ச மாதிரி பாய்” என்று என்னிடம் சொன்னார். “மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஒரே இழுப்பு. மனசுல தயக்கம் இருந்தா அதுவும் சேந்து தட்டுல வந்துடுது.”

பதினொரு தட்டு பாழானது. பன்னிரண்டாவதில் ஒரு கரடி வந்தது. இத்தாலிக் கரடியைவிட நல்ல கரடி, கொஞ்சம் பசியோடு இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் மற்றத் தட்டுகளையும் ஒரு மாதத்தில் முடித்திருப்பார்.

விடுவார்களா? முத்திரை ஒழுங்குக் குழு என்று ஒன்றைப் போட்டார்கள். தலைவர் துணை இயக்குநர் தங்கதுரை. குழு முதலில் ஒரு படிவம் தயாரித்தது. நான் நாற்பது பிரதி அடித்தேன். குலம், கிளை, குலத்துக்குரிய விலங்கு, முன்னோர் புரிந்த வீரச்செயல், அதற்குரிய சான்று. அதிகாரிகள் ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டு முன்னோரைத் தேடினார்கள். பண்டகசாலை அதிகாரியின் பாட்டனார் ஒருமுறை ரயிலை நிறுத்தியிருந்தார், சங்கிலியைப் பிடித்து இழுத்து. குழு அதை வீரச்செயல்தான் என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் தண்டனை விதிக்கப்பட்டதா என்று விளக்கம் கேட்டது.

தங்கதுரை தன் படிவத்தில் எழுதியதை நான் மறக்க மாட்டேன். அவருடைய பாட்டனார் ஒரு மிராசில் காரியஸ்தராக இருந்தவர். களத்துமேட்டில் நெல் குறைந்தது என்று ஒரே நாளில் நாற்பது பேரைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்தாராம், கை சலிக்கவே இல்லையாம். குழு ஓரத்தில் எழுதிற்று: ‘வீரச்செயல் ஏற்கப்பட்டது. புலி ஒன்று, சவுக்கு ஒன்று அனுமதிக்கலாம்.’

சாமிக்கண்ணு அந்தச் சவுக்கை வரையும்போது நான் பக்கத்தில் நின்றேன். பழுப்புச் சாயத்தில் ஒரே இழுப்பு, நுனியில் ஒரு சுழிப்பு. வரைந்துவிட்டுத் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தார்.

“எங்க ஆளுங்களாத்தான் இருக்கும் பாய்.”

“யாரு?”

“அந்த நாப்பது பேரு.”

‘சாயம் நல்லா வந்திருக்குது’ என்றோ என்னவோ உளறினேன்.

அடுத்து விலங்கு ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. இயக்குநருக்கு இரண்டு சிங்கம். துணை இயக்குநருக்குப் புலி. உதவி இயக்குநர்களுக்கு மான், ஆனால் கொம்பு ஆறு கிளைக்கு மேற்படாமல். கண்காணிப்பாளர்களுக்குப் பறவை, உட்கார்ந்த நிலையில். எழுத்தர்களுக்கு விருந்தில் இடமில்லை, இருந்தாலும் ஒழுங்கு கருதி இலை, தழை. கடைநிலை ஊழியருக்கு இரண்டு கோடு. தற்காலிக ஊழியருக்கு வெற்றுக் கேடயம். பண்டகசாலை அதிகாரி யானை கேட்டார், அதற்கு மட்டும் மூன்று நாள் கூட்டம் நடந்தது.

“யானைக்கு எனக்கு ஆட்சேபணை இல்ல” என்றார் தங்கதுரை. “ஆனா நிக்கிற யானை இயக்குநரோட சிங்கத்தைவிட ஒசரமாத் தெரியும். நிர்வாகம் தாங்காது. படுத்த யானையா இருக்கட்டும்.”

“படுத்த யானைன்னா செத்த யானைன்னு நினைப்பாங்களே?” என்றார் பண்டகசாலை அதிகாரி, கண் கலங்கி.

கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் யானை என்று முடிவாயிற்று.

இந்தக் கூட்டத்தில்தான் கண்காணிப்பாளர் ஒருவர், ரொம்பப் பயந்துகொண்டே, இதெல்லாம் ஊழியர்களுக்குள் ஏற்றத்தாழ்வை உண்டாக்காதா என்று கேட்டுவிட்டார். இயக்குநர் கோபப்படவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னார்: “இந்தக் கூடத்துல ஏற்றத்தாழ்வே கிடையாதுய்யா. எல்லாரும் ஒண்ணுதான். ஒண்ணா இருக்கிறதனாலதான், யாரு மேல யாரு கீழன்னு தட்டுலயாவது தெரியணுங்கிறேன்.” நடவடிக்கைக் குறிப்பில் இதைச் சமத்துவம் என்ற தலைப்பின் கீழ் அடித்தேன்.

இரண்டாம் தடவை சுடுவதற்கு முன்னால் தட்டுகள் குழுவின் பார்வைக்குப் போகப் போக, கோப்பில் திருத்தங்கள் வர ஆரம்பித்தன. இயக்குநரின் இடப்பக்கச் சிங்கம் நாக்கை நீட்டியிருக்கிறது, இது நடத்தை விதிகளுக்கு முரண், நாக்கை உள்ளே இழுக்கவும். புலியின் வால் பந்தியில் இயக்குநர் உட்காரும் பக்கத்தை நோக்கி இருக்கிறது, திருப்பவும். மான் சிரிப்பதுபோல் தெரிகிறது, அலுவல் நேரத்துக்குரிய முகபாவம் தரவும்.

சாமிக்கண்ணு தங்கதுரையின் அறைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஐயா, வரைஞ்சதை அழிக்க முடியாதுங்க. சாயத்தைக் குடிச்சுடுது. வேற தட்டுலதான் மொதல்லேருந்து வரையணும்.”

“கோப்புல நான் எத்தனை தடவை அடிச்சுத் திருத்தறேன்? முடியுதா இல்லியா?”

“அது காயிதங்க ஐயா.”

“அப்போ காயிதத்தால முடியறது களிமண்ணால முடியாதுங்கிற. நிர்வாகத்தைவிட மண்ணு பெருசுங்கிற. அப்படித்தானே?”

நாலாம் நாள் அவருக்கு இரண்டு ரப்பர் வந்தது. ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்குமே, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், அது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உத்தரவு என்பதால் நாக்கை அழித்துப் பார்த்தார். நாக்கோடு மெருகும் உதிர்ந்து, சிங்கத்தின் மூஞ்சி இருந்த இடத்தில் சிவப்பாக ஓடு தெரிந்தது. மறுநாள் அவருக்குக் குறிப்பாணை: ‘இயக்குநரின் சிங்கம் முகமிழந்தது குறித்து ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ சிரிக்காதீர்கள். அந்த மனுஷன் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னவில்லை என்று பாஞ்சாலை என்னிடம் வந்து அழுதாள்.

“நாப்பது தடவை வேணும்னாலும் வரைய சொல்லுங்க பாய், வரையட்டும். அந்தக் கையெழுத்தை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க. நாளு நெருங்குதில்ல?” என்றாள்.

வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். நான் யார் வாங்கிக் கொடுக்க? இயக்குநரின் அறைக்குள் போனால், அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வெளியே வருவதோடு சரி.

ஏப்ரல் மாதத்தில் குழு ஏழாம் விதியைக் கண்டுபிடித்தது. முத்திரையை வரைபவர் நிரந்தர ஊழியராகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால், தற்காலிகமானவர் கையால் வரையப்பட்ட குலம் தற்காலிகமானது என்று கருதப்பட நேரிடும்! இப்படி யோசிப்பதற்குப் பட்டப்படிப்பு படித்த ஐந்து பேர் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சரி, வரைகிறவரை நிரந்தரமாக்கினால் தீர்ந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவர்களுக்கு வேறு தோன்றியது. பதிவேட்டில் வரைந்தவர் என்ற இடத்தில் ‘தங்கதுரை, துணை இயக்குநர்’ என்று போட்டார்கள். அப்படியானால் சாமிக்கண்ணு அத்தனை மாதமும் என்ன செய்தார்? அவருடைய வருகைப் பதிவில் ஒவ்வொரு நாளுக்கும் நேராக ‘வேலை ஒதுக்கப்படவில்லை’ என்று அடிக்கச் சொன்னார்கள். முன் தேதியிட்டு, நவம்பரிலிருந்து. அடித்தேன்.

சாமிக்கண்ணு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். “இதனால எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல பாய்?”

“வெறும் பேப்பருதானே, விடுங்க” என்று சொன்னேன்.

அதைச் சொன்ன வாயில் மண்ணைப் போட்டிருக்க வேண்டும்.

ஆக, நூற்று அறுபத்தொரு தட்டு வரைந்து இருபத்துநான்கு தேறியது. விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போது இயக்குநர் தன் தட்டை வெள்ளோட்டம் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோனார். சாப்பிட உட்கார்ந்தார். அவருடைய சம்சாரம் சோற்றுக் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்களாம். “ஏங்க, இது உங்க குலமுத்திரைதானே? இது மேல சாம்பாரை ஊத்தி எச்சக் கையால வழிக்கிறதா? அப்புறம் பாத்திரம் தேய்க்கிறவ சாம்பலைப் போட்டுத் தேய்ப்பா. குலத்தைக் கழுவிச் சாக்கடையில ஊத்தறதுக்கா எட்டு மாசம் கூட்டம் போட்டீங்க?”

இயக்குநருக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொரு பக்கத்தில், ஆசாரம் பார்க்கிற அதிகாரிகள் நாலு பேர், பீங்கானில் ஒரு தடவை எச்சில் பட்டால் எத்தனை கழுவினாலும் போகாது, நாங்கள் தொட மாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அத்தனை படிவம், அத்தனை பட்டியல், அத்தனை திருத்தம்! நம் ஊரில் மனுஷர்கள் எதில் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை. அவசரக் கூட்டம் போட்டார்கள். எனக்கு மறுபடி வேலை வந்தது: ‘விருந்தின்போது குலமுத்திரைத் தட்டு ஒவ்வொன்றின் மேலும் அதே அளவுக்கு வட்டமாக நறுக்கிய வாழையிலை இடப்படும். உணவு இலையின்மேல் பரிமாறப்படும். முத்திரை இலைக்கு அடியில் கௌரவமாக இருக்கும்.’

ஜூன் இருபத்தேழு, சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே சாமிக்கண்ணு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இயக்குநர் அறை வாசலில் நின்றார். நான் உள்ளே சுருக்கெழுத்துப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“ஐயா, அந்தக் கையெழுத்து.”

இயக்குநர் கோப்பைப் பிரித்தார். நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். “எப்படிப்பா போடறது? கடைசி எட்டு மாசம் உனக்கு வேலையே ஒதுக்கலன்னு பதிவு இருக்குதே. வேலை செய்யாதவனை நிரந்தரம் பண்ணா நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்க இல்ல?”

சாமிக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

“நாந்தானே ஐயா வரைஞ்சேன்?”

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியாதே. உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது. அந்தக் காலத்துலயே ஒரு முத்திரை, ஒரு பரம்பரைன்னு இருந்திருந்தா இந்த நெளிவு சுளிவு தெரியும்.”

“முத்திரை இருந்ததுங்க ஐயா” என்றார் சாமிக்கண்ணு. “தாலுகா ஆபீசுல அதைக் குத்தித்தான் எங்க நிலத்தை எடுத்தாங்க.”

இயக்குநர் கேட்காத மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார். “சரி சரி, ஆளு பத்தல. பந்தியில தண்ணி ஊத்து, போ.”

விருந்து கூடத்தின் பெரிய அறையில். இருபத்துநான்கு தட்டு, இருபத்துநான்கு இலை. தலைநகரிலிருந்து வந்த குழுவின் தலைவருக்குச் சிறப்பு ஆணையின்படி மூன்று சிங்கம், அதுவும் இலைக்கு அடியில். வடை, பாயசம், அப்பளம் எல்லாம் ஆயிற்று. சாமிக்கண்ணு சொம்போடு ஒவ்வொரு டம்ளராக நிரப்பிக்கொண்டு போனார். சாப்பிட்டு முடித்து இலையை மடித்த பிறகு தலைவர் கேட்டார்: “ஏதோ தட்டுன்னு எழுதியிருந்தீங்களே, எங்க?”

“தாங்கள் சாப்பிட்டதே அதுலதானுங்க. அடியில இருக்குது” என்றார் இயக்குநர்.

தலைவர் இலையை எடுத்துப் பார்த்தார். ரசம் ஒழுகி மூன்று சிங்கமும் நனைந்திருந்தன. ஆனாலும் அசந்துபோய்விட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு வரைஞ்சது?”

“கூடம் வரைஞ்சதுங்க” என்றார் இயக்குநர்.

“கூடத்துக்குக் கை இருக்குதா? வரைஞ்ச கையை நான் பாக்கணும்.”

தங்கதுரை எழுந்து நின்றார். பதிவேட்டில் அவர் பெயர்தானே இருக்கிறது. தலைவர் சந்தோஷமாகச் சிரித்தார். “எனக்கு எதிர்ல ஒண்ணு வரைங்களேன். சின்னதா, ஒரு சிங்கத் தலை போதும்.”

சூளைப் பக்கமிருந்து மெருகு முக்கிக் காய்ந்த தட்டு ஒன்று வந்தது. நீலச் சாயக் கிண்ணம் வந்தது. தங்கதுரைக்குக் கை சுளுக்கிக்கொண்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுளுக்கிக்கொண்டது. அப்போ மேற்பார்வை செய்த இயக்குநர் வரையட்டும் என்றார் தலைவர். இயக்குநர் சிரித்த முகத்தோடு திரும்பி, சொம்போடு நின்ற சாமிக்கண்ணுவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “வந்து ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போடா.”

சாமிக்கண்ணு சொம்பைக் கீழே வைத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நான் தற்காலிகங்க ஐயா. ஏழாம் விதிப்படி நான் வரையக் கூடாது. எனக்கு இங்க வேலை எதுவும் ஒதுக்கலீங்க. கோப்பைப் பாருங்க.”

எனக்கு உள்ளுக்குள் ‘சபாஷ்!’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

இயக்குநர் தூரிகையை எடுத்தார். கிண்ணத்தில் அடிவரைக்கும் முக்கினார். தட்டின் நடுவில் வைத்துவிட்டு, அடுத்து எந்தப் பக்கம் இழுப்பது என்று யோசித்தார். யோசிக்கிற நேரமெல்லாம் அந்த மாவு குடித்துக்கொண்டே இருந்தது. திடுக்கிட்டு இழுத்தார், ஓரத்தில் இரண்டு இழுவை வந்தது. கையை எடுத்தபோது, பஸ்ஸில் அடிபட்ட தவளை மாதிரி ஒரு நீலத் திட்டு தட்டில் கிடந்தது. பழக்கதோஷத்தில் கைக்குட்டையால் துடைத்தார். ஒன்றும் அசையவில்லை, கைக்குட்டைதான் நீலமாயிற்று.

எல்லோரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். இப்போதாவது ஒரு மனுஷன் உள்ளதைச் சொல்லிவிடுவான் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். தலைவர் தட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். தனக்குப் புரியவில்லை என்பது இருபத்துமூன்று பேருக்கும் தெரிந்துவிடுமே என்கிற பயத்தை அவர் கண்ணில் நான் கண்டேன்.

“சிங்கம் எவன் வேணும்னாலும் போடுவான்” என்றார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “இது ஆழமா இருக்குது. நவீனம். இந்தக் கூடத்தோட ஆன்மாவே இதுல தெரியுது.”

அது மட்டும் உண்மை.

கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தத் திட்டையே கூடத்தின் அதிகாரபூர்வ முத்திரையாக்க அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. தட்டைச் சூளையில் சுட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வாசலில் மாட்டினார்கள். இத்தாலித் தட்டு எங்கே போயிற்று என்று தெரியாது. யாரோ வீட்டில் அதில் வெற்றிலை வைத்திருப்பார்கள்.

விருந்தாளிகள் கார் ஏறிய பிறகு, தாழ்வாரத்தில் இயக்குநர் சாமிக்கண்ணுவை மறித்தார். “பெரிய மனுஷங்க முன்னால என் மானத்தை வாங்கப் பாத்தியே, நன்றி கெட்ட நாயே!”

சாமிக்கண்ணு ஓரடி முன்னால் வந்தார். பயமில்லை, அத்தனை கோபம். “எட்டு மாசமா உங்க எல்லாருக்கும் மானத்தை வரைஞ்சு குடுத்தவன் நாந்தாங்க ஐயா. எங்க ஆளுங்களை அடிச்ச சவுக்கைக்கூட வரைஞ்சு குடுத்தேன். பதிலுக்கு ஒரே ஒரு காயிதந்தானே கேட்டேன்? எங்க அப்பன் நிலத்தைக் குடுத்துட்டு, ஒரு காயிதம்!”

இயக்குநர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை பத்தாம் தேதி புதுக் கடிதத்தாள் அச்சாகி வந்தது. மேலே நடுவில் அந்த நீலத் திட்டு, கீழே ‘மேன்மையே எம் மெருகு’. அதில் முதன்முதலாக அடிக்கப்பட்ட உத்தரவு இது: தற்காலிக ஊழியர் சாமிக்கண்ணு ஜூன் முப்பதாம் தேதி முதல் தானாகவே வேலையை விட்டு விலகியவராகக் கருதப்படுகிறார். முதல் தாள் என்பதால் அழகாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லியனுப்பியிருந்தார். நானும் ஓரத்தில் சமமாக இடம் விட்டு, நிதானமாக அடித்தேன்.

அதை வாங்கிக்கொள்ளச் சாமிக்கண்ணு மத்தியானம் வந்தார். பாஞ்சாலை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. என் மேஜைக்கு எதிரில் நின்றபடியே, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து அவர் முழுதும் படித்தார். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நல்லா அடிச்சிருக்கீங்க நாசர் பாய். எட்டு வரியில ஒரு தப்புகூட இல்ல. நான் வரேன்” என்றார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.